சேவல் சிறகைப் பாடம் பண்ணுவது எப்படி: திருகோணமலைக் காற்றையும் கணக்கில் எடுத்து

சுவரில் மாட்டுவதற்காக நான் முதன்முதலில் பாடம் பண்ணிய (அழுகாமல் பதப்படுத்திய) சிறகு மூன்று கிழமைகூடத் தாங்கவில்லை. எங்கள் வீட்டுச் செஞ்சேவலின் சிறகு அது. மார்கழி மாதம். உப்பை அள்ளித் தடவி, பழைய பத்திரிகையில் சுற்றி, அலுமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு நத்தார் விடுமுறைக்குக் கொழும்பு போய்விட்டேன். திரும்பி வந்தபோது அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்: "என்னடா அலுமாரிக்குள்ள செத்துக் கிடக்குது?" பத்திரிகை நனைந்து கூழாகியிருந்தது. உப்பு உருகித் தண்ணீராக வடிந்திருந்தது. உள்ளே நெளிந்ததைப் பற்றி எழுத வேண்டாம்.

கருவாடு காய வைக்கும் ஊர்க்காரனுக்கு உப்பின் மேல் ஒரு நம்பிக்கை இருக்கத்தான் செய்யும். ஆனால் வாடைக் காலத்தில் சமையலறைச் சிரட்டையில் கிடக்கும் உப்பு என்ன ஆகிறது என்று பாருங்கள். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசிகிறது. சிறகுக்குள் போட்ட உப்பும் அதையேதான் செய்யும். ஊசியையும் கம்பியையும் துருப்பிடிக்க வைப்பது தனி.

அதற்குப் பிறகு ஏழெட்டுச் சிறகு, நாலு வால் விசிறி, எண்ணாமல் உதிரி இறகுகள் என்று செய்து பழகியிருக்கிறேன். இறகு என்பது நம் நகத்தையும் முடியையும் போலக் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அது தானாக அழுகுவதில்லை. அழுகுவது இறகோடு ஒட்டிக்கொண்டு வரும் தசையும் கொழுப்பும். அவற்றுக்குத் துணைபோவது ஈரம். இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது பூச்சிக் காவல் மட்டும்.

எந்தப் பறவை, எந்தப் பறவை கூடாது

இந்த வழிகாட்டி வீட்டில் வளர்க்கும் கோழி, தாரா, வான்கோழி ஆகியவற்றுக்கு மட்டும். துவக்கோடு தம்பலகாமத்து வயல் பக்கம் போய்வந்த தலைமுறையின் கதைகள் நம் வீடுகளில் இன்னும் உண்டு. கதையாகவே இருக்கட்டும். இலங்கையின் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒருசில இனங்கள் தவிர்ந்த காட்டுப் பறவைகளைக் கொல்வது மட்டுமல்ல, அவற்றின் பாகங்களைக் கையில் வைத்திருப்பதும் குற்றம். நமது தேசியப் பறவையான காட்டுக்கோழி, வீட்டுச் சேவலின் அண்ணன் தம்பி போல இருந்தாலும் அதைத் தொடக்கூடாது. புறாத்தீவு தேசியப் பூங்காவில் மணலில் கிடக்கும் இறகையும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். சந்தேகம் வந்தால் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தில் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

இன்னொன்று: காரணம் தெரியாமல் செத்துக் கிடக்கும் கோழியில் வேலை செய்யாதீர்கள். பறவைக் காய்ச்சல் ஒரு பக்கம், வயிற்றைக் கெடுக்கும் சல்மொனெல்லாக் கிருமி மறுபக்கம். சாப்பாட்டுக்கென்று அறுத்த ஆரோக்கியமான கோழிதான் நமக்கு வேண்டும். அதிலும் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டுதான்.

இதற்கு வேட்டை வெற்றிச் சின்னத்தின் பெருமை இல்லையே என்று ஒரு நண்பர் சொன்னார். நல்ல கறுப்புச் சேவலின் வால் இறகை வெயில் சாய்வாகப் படும்போது பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

எப்போது தொடங்குவது

ஆனி, ஆடி, ஆவணி. கச்சான் காற்று வீசும் மாதங்கள். மேற்கிலிருந்து உலர்ந்து வரும் அந்தக் காற்று காலையில் காயப்போட்ட துவாயை மத்தியானத்துக்குள் மொறுமொறுவென்று ஆக்கிவிடும். அதே வேலையை ஐப்பசியிலிருந்து தை வரை செய்தால் மழையும் கடல் ஈரமும் சேர்ந்து வேலையைக் கெடுக்கும். மழைக்காலத்தில் நல்ல சேவல் அகப்பட்டால் சிறகையும் வாலையும் வெட்டி உறைகுளிரில் (ஃபிரீசரில்) போட்டுவிட்டுக் கச்சானுக்குக் காத்திருங்கள். பல மாதம் கெடாமல் இருக்கும்.

சேவல் இறகு உதிர்த்துக்கொண்டிருக்கும் சமயமும் வேண்டாம். அப்போது முளைத்துவரும் குருத்திறகுகளின் அடித்தண்டு கருநீலமாக, உள்ளே இரத்தத்தோடு இருக்கும். காய்ந்ததும் அவை சுருங்கி நாறும். ஒரு இறகைப் பிடுங்கி அடியைப் பாருங்கள். வெள்ளையாக, காய்ந்த வைக்கோல் மாதிரி இருந்தால் முற்றிய இறகு.

சேர்த்து வைக்க வேண்டியவை

பாத்திரம் கழுவும் திரவச் சவர்க்காரம். பார் சவர்க்காரம் வேண்டாம். சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கடினமானது, சுண்ணாம்புச் சத்துக் கூடியது. பார் சவர்க்காரம் அந்தத் தண்ணீரில் தயிர் திரைந்த மாதிரி வெள்ளைப் படலமாகி இறகில் ஒட்டிக்கொள்ளும். திரவச் சவர்க்காரத்தில் அந்தத் தொல்லை குறைவு.

வெங்காரம் (போராக்ஸ்) அரைக் கிலோ. நாட்டு மருந்துக் கடையில் கேட்கலாம், நகைப் பட்டறைக்காரரிடம் கேட்டாலும் எங்கே வாங்குகிறார் என்று சொல்வார். படிகாரம் வேறு, வெங்காரம் வேறு. இரண்டும் வெள்ளைக் கட்டிதான் என்பதால் மாற்றிக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். பெயரைச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். வெங்காரம் உடம்புக்கு ஆகாது. தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. சமையலறையில் சீனி, உப்புப் போத்தல்களுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது.

அப்புறம் கூரான சின்னக் கத்தி, நகக் கத்தரி, பழைய பல் துலக்கி, ஒரு ரெஜிஃபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) தட்டு, துருப்பிடிக்காத குண்டூசிகள், பஞ்சு, ஹெயார் டிரையர். குண்டூசியில் மிச்சம் பிடிக்காதீர்கள். சாதாரண ஊசி நம் கடற்காற்றில் பத்தே நாளில் துருவேறி, வெள்ளை இறகில் அழியாத தவிட்டு நிறப் புள்ளி வைத்துவிடும்.

உதிரி இறகைக் கழுவுதல்

புதிதாகத் தொடங்குபவர்கள் நேரே சிறகுக்குப் போகாமல், கோழிக்கூட்டைச் சுற்றிக் கிடக்கும் உதிரி இறகுகளில் கை பழகுங்கள். கெட்டாலும் கவலையில்லை.

முதலில் அப்படியே ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் காற்றை அமுக்கி வெளியேற்றிக் கட்டி, உறைகுளிரில் இரண்டு கிழமை வைத்துவிடுங்கள். பேனும் செள்ளும் அவற்றின் முட்டைகளும் சாக வேண்டும். வீட்டு பிரிட்ஜின் மேலறையில் பனிக்கட்டி உறைந்தாலே போதும் என்று நினைக்கக் கூடாது. பூச்சியைக் கொல்ல −18 பாகை செல்சியசாவது வேண்டும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். ஒரு நாள் அப்படியே வெளியே இருக்கட்டும். குளிர்ந்த இறகைத் திறந்தால் அறைக் காற்றின் ஈரமெல்லாம் அதன் மேல் வியர்த்து நிற்கும்.

பிறகு ஒரு வாளியில் நாலைந்து லீற்றர் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு தேக்கரண்டி திரவச் சவர்க்காரம். இரத்தக் கறை இருந்தால் வெதுவெதுப்பும் வேண்டாம், பச்சைத் தண்ணீர்தான். சுடுநீர் பட்டால் இரத்தத்தின் புரதம் முட்டை வெள்ளை மாதிரி இறுகி இழைக்குள் பிடித்துவிடும். இறகுகளைப் போட்டு அரைமணி ஊறவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து அடித்தண்டிலிருந்து நுனி நோக்கி இரு விரலால் நீவுங்கள். எதிர்த்திசையில் ஒருபோதும் தேய்க்காதீர்கள். கசக்கவும் கூடாது, பிழியவும் கூடாது.

ஏன் இந்தக் கண்டிப்பு? இறகின் நடுத்தண்டிலிருந்து பக்கத்துக்கு இழைகள் போகின்றன. ஒவ்வொரு இழையிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் கிளைக்கின்றன. அந்த நுண்ணிழைகளில் கொக்கிகள் இருக்கின்றன. ஒரு இழையின் கொக்கி அடுத்த இழையைப் பற்றிக்கொள்வதால்தான் இறகு துணி மாதிரி ஒரே தகடாக நிற்கிறது. சட்டைப் பையின் சிப் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிராகத் தேய்த்தால் சிப் பிரிந்துவிடும். நீவினால் திரும்பப் பூட்டிக்கொள்ளும். கொக்கியே ஒடிந்துவிட்டால் எந்த நீவலும் உதவாது. தண்ணீர் ஒட்டாமல் இறகைக் காப்பதும் முக்கியமாக இந்தப் பின்னல்தான். அதனால் சவர்க்காரம் போட்டு எண்ணெயை எடுத்துவிட்டால் இறகு பாழாகிவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை.

தாரா இறகில் எண்ணெய் கூட. ஒரு தரம் போதாது, தண்ணீரை மாற்றி இரண்டு மூன்று தரம் கழுவுங்கள். மண்ணெண்ணெயில் முக்கியெடுத்தால் ஒரே தரத்தில் கொழுப்பு போகும் என்று சிலர் சொல்வார்கள். போகும்தான், ஆனால் அந்த மணம் அடுத்த வருஷமும் இருக்கும், தீ அபாயம் வேறு. துணி வெளுக்கும் குளோரின் திரவத்தை மட்டும் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். அது கெரட்டினையே கரைக்கும். வெள்ளை இறகில் பிடிவாதமான கறைக்கு, பாமசியில் கிடைக்கும் 3 சதவீத ஹைதரசன் பெரொக்சைட்டைப் பஞ்சில் தொட்டு ஒற்றலாம். நிற இறகில் அதுவும் வேண்டாம், நிறம் வெளிறிவிடும்.

அலசுவதில் ஒரு விஷயம். கடைசி இரண்டு அலசலுக்கு உவர்க் கிணற்றுத் தண்ணீரைப் பயன்படுத்தாதீர்கள். தண்ணீர் காயும், உப்பு இறகில் தங்கும். அந்த உப்பு மழைக்காலத்தில் ஈரத்தைக் கூப்பிடும். மறுபடியும் என் செஞ்சேவல் கதைதான். குழாய்த் தண்ணீர் நல்லது, பிடித்து வைத்த மழைத்தண்ணீர் அதைவிட நல்லது.

காய வைத்தல்

கழுவிய இறகைப் பார்த்தால் மழையில் நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி பரிதாபமாக இருக்கும். பழுதாக்கிவிட்டோம் என்று பலர் இந்த இடத்தில் எறிந்துவிடுகிறார்கள். பொறுங்கள்.

பழைய துவாயில் வரிசையாகப் பரப்பி, மேலே இன்னொரு துவாய் போட்டு மெல்ல அமுக்கி ஒற்றுங்கள். பிறகு ஹெயார் டிரையரைக் குளிர்காற்றில் அல்லது மிகக் குறைந்த சூட்டில் வைத்து, ஒரு முழ தூரத்தில் பிடித்து, அடியிலிருந்து நுனிக்குக் காற்றை ஓட்டுங்கள். முக்கால்வாசி காய்ந்ததும் மறு கையால் நீவத் தொடங்கலாம். ஒட்டிக் கிடந்த இழைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, திடீரென்று ஒரு கணத்தில் தகடாகப் பூட்டிக்கொள்ளும். இந்த வேலை முழுவதிலும் எனக்குப் பிடித்த கணம் அதுதான். அடிப்பகுதியில் இருக்கும் பஞ்சு போன்ற தூவியை நீவாதீர்கள். விரல் நுனியால் கிளறிக் காற்றுக் காட்டினால் தானாகப் பொங்கி எழும்.

மின்சாரம் இல்லையென்றால் கச்சான் காற்றே போதும். வலைப்பையில் போட்டு நிழலில் தொங்கவிட்டு இடையிடையே உதறுங்கள். உச்சி வெயிலில் மணிக்கணக்காகப் போட்டால் சிவப்பும் மஞ்சளும் மங்கும், தண்டும் நொறுங்கும்.

வளைந்த, மடிந்த இறகுக்குக் கேத்தில் ஆவி. தண்ணீர் கொதித்து ஆவி வரும்போது, இறகை இடுக்கியால் பிடித்துப் பத்துப் பதினைந்து விநாடி காட்டி, உடனே விரலால் நேராக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால் ஆறியதும் அப்படியே நிற்கும். கையை ஆவிக்குள் கொடுத்துவிடாதீர்கள். நடுத்தண்டு முறிந்த இறகை ஆவி காப்பாற்றாது.

சிறகும் வாலும்

இனி உண்மையான வேலை.

முதல் தவறு கத்தி எடுப்பதற்கு முன்னாலேயே நடந்துவிடும். நம் வீடுகளில் கோழியை அறுத்ததும் சுடுநீரில் முக்கித்தான் இறகு பிடுங்குவார்கள். முக்கிய பிறகு சிறகு நமக்கு உதவாது. தோல் வெந்து இறகுகள் கழன்றுவிடும். ஆகவே கேத்தில் கொதிக்கும் முன்பே வீட்டில் சொல்லி வைத்துவிடுங்கள். கோழிக்கடைக்காரரிடமும் அப்படியே. எங்கள் பக்கத்துக் கடையில் ஒருவர் என்னைக் கண்டதும், "தம்பி, சிறகு எடுத்து வச்சிருக்கன்" என்று தனியாக ஒரு பையை நீட்டும் அளவுக்குப் பழகிவிட்டார். சூட்டு நாளில் இரண்டு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்குங்கள், முடியாவிட்டால் உறைகுளிரில் போடுங்கள்.

சிறகை முழங்கை மூட்டில் வெட்டினால் போதும். பறக்கும் இறகுகளில் வெளிப்பக்கத்தவை கைப்பகுதி எலும்பிலும், உட்பக்கத்தவை முன்கையின் தடித்த எலும்பிலும் வேர் பிடித்திருக்கின்றன. தோளுக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட துண்டில் இறைச்சிதான் அதிகம். அதைக் கறிச்சட்டிக்கே கொடுத்துவிடலாம், வீட்டில் சமாதானமும் நிலவும்.

சிறகின் உட்புறத்தை மேலே பார்த்தபடி வைத்து, முன்கையின் இரண்டு எலும்புகளுக்கும் நடுவே முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோலை மட்டும் கீறுங்கள். தோலை இரு பக்கமும் ஒதுக்கினால் இளஞ்சிவப்புத் தசை தெரியும். கத்தி நுனியாலும் கத்தரியாலும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். பின்பக்கத்து எலும்பில் இறகுகளின் வேர்முனைகள் வரிசையாகக் குத்தி நிற்பது தெரியும். அந்த வரிசையைச் சுரண்டினால் ஒவ்வொரு இறகும் தன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொள்ளும், பிறகு விசிறி அமையாது. என் இரண்டாவது சிறகு அப்படித்தான் போனது. கைப்பகுதியில் தசை மிகக் குறைவு. உட்புறத்தில் ஒரு சிறு கீறல் போட்டு அகப்படுவதை எடுத்தால் சரி. எலும்புகளை எடுக்க வேண்டாம், அவைதான் சிறகின் சட்டம்.

வால் கொஞ்சம் அழுக்கு வேலை. வால் இறகுகள் எல்லாம் முளைக்கும் அந்தக் கொழுத்த முனையை உடலிலிருந்து முழுதாக வெட்டியெடுங்கள். அதன் மேற்புறத்தில், பயறு மணி போன்ற சின்ன முகடு ஒன்று இருக்கும். எண்ணெய்ச் சுரப்பி. கோழி அலகால் எண்ணெய் எடுத்து இறகில் பூசுவது இங்கிருந்துதான். மஞ்சள் கொழுப்பு நிறைந்த அந்தச் சுரப்பியை முழுதாகத் தோண்டி எடுக்காவிட்டால் மாதக்கணக்கில் எண்ணெய் கசிந்து பலகையையே ஊறவைக்கும். சுற்றியுள்ள தசையையும் கொழுப்பையும் இறகு வேர்கள் தெரியும்வரை சுரண்டுங்கள். முதல் தடவை ஒரு மணித்தியாலம் எடுக்கும். வான்கோழி வாலென்றால் அரை நாள் ஒதுக்குங்கள்.

இனிச் சொன்ன முறையில் கழுவி, அலசி, ஒற்றி, ஊதிக் காய வையுங்கள். சிறகு உதிரி இறகைவிடத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். தச்சுப் பட்டறையில் மெல்லிய மரத்தூள் வாங்கிவந்து, அதற்குள் சிறகைப் புதைத்து மெதுவாகப் புரட்டினால் ஈரத்தை இழுக்கும். பிறகு உதறி ஊதிவிடலாம். தூள் நன்றாகக் காய்ந்ததாக, வெளிர் மரத்தினதாக இருக்க வேண்டும். தேக்குத்தூள் ஈர இறகில் சாயம் விடும். அரிசி மாவும் கோதுமை மாவும் வேண்டாம், இழைக்குள் தங்கும் ஒவ்வொரு துகளும் வண்டுக்கு விருந்து.

கீறிய இடத்திலும் வால் அடியிலும் வெங்காரத் தூளைத் தாராளமாக அமுக்கித் தேயுங்கள். ஈரத்தை உறிஞ்சும், பூச்சியையும் அண்ட விடாது. தோலை மூடி இரண்டு தையல் போட்டால் அழகாக இருக்கும். போடாவிட்டாலும் அந்தப் பக்கம் சுவரைத்தான் பார்க்கப் போகிறது.

பிறகு ரெஜிஃபோம் தட்டில் சிறகை வேண்டிய அளவுக்கு விரித்து, மூட்டுகளின் பக்கத்தில் ஊசி குத்தி நிறுத்துங்கள். இறகுகளுக்குள் ஊசி குத்தாமல், அவற்றின் மேல் கடதாசி மட்டைப் பட்டி ஒன்றை வைத்துப் பட்டியின் இரு முனையிலும் குத்துங்கள். ஒவ்வொரு இறகும் அடுத்ததன் மேல் ஒரே அளவாகப் படிகிறதா என்று இப்போதே பார்த்துச் சரிசெய்ய வேண்டும். காய்ந்த பின் கை வைத்தால் முறியும். கைபேசியில் சேவல் சிறகை விரித்து அடிக்கும் படம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். நான் நினைவிலிருந்து விரித்த சிறகு தென்னோலைத் தும்புத்தடி மாதிரி வந்தது.

கச்சான் மாதத்தில் சேவல் சிறகுக்கு மூன்று கிழமை, வாலுக்கு நாலு, வான்கோழி வாலுக்கு ஆறு. மூட்டை அசைத்தால் அசையாமல், மரம் போல இறுகியிருந்தால் காய்ந்துவிட்டது. ஈ மொய்க்காமல் மேலே நுளம்பு வலைத் துண்டு. எறும்பு ஏறாமல் மேசைக் கால்களின் கீழ் தண்ணீர்ப் பேணிகள். பூனை உள்ள வீடென்றால் அறைக்கதவைப் பூட்டுவது தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பலகையில் ஏற்றுதல்

முதிரையோ பாலையோ வேம்போ, எந்தப் பலகையானாலும் நன்றாகக் காய்ந்து, வார்னிஷ் மணம் முழுதாகப் போன பிறகு ஏற்றுங்கள். பசையை எலும்பில் மட்டும் வையுங்கள். சூட்டுப் பசை வேண்டாம், பங்குனி சித்திரை வெக்கையில் இளகிச் சிறகு தலைகீழாகத் தொங்கும். இரண்டு குழாயிலிருந்து கலந்து பூசும் அரால்டைட் மாதிரியான பசை நிற்கும். கூடவே மெல்லிய செம்புக் கம்பியால் எலும்பைச் சுற்றிப் பலகைக்குப் பின்னால் முறுக்கிவிடுங்கள். வெட்டுமுனையைத் தோல்துண்டாலோ துணியாலோ மறைக்கலாம்.

இறகின் மேல் வார்னிஷ், தேங்காயெண்ணெய், தலைமுடி ஸ்பிரே எதுவும் வேண்டாம். கறுப்புச் சேவல் வாலில் தெரியும் பச்சை மினுக்கம் சாயம் அல்ல. இழைக்குள் அடுக்கடுக்காக இருக்கும் மெலனின் துணிக்கைகளிலும் கெரட்டினிலும் ஒளி பட்டுத் திரும்பும் விதத்தால் வரும் நிறம் அது. மேலே எதையாவது பூசினால் இழைகள் ஒட்டி, தூசி பிடித்து, மினுக்கம் செத்துவிடும்.

தொங்கவிடும் இடம்: கடலைப் பார்த்த யன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம், அடுப்படிச் சுவரும் மாலை வெயில் விழும் சுவரும் வேண்டாம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் நல்லதுதான். ஆனால் மழைநாளில் மூடாதீர்கள், அன்றைய ஈரத்தையும் சேர்த்துப் பூட்டிவிடுவீர்கள். கச்சான் வீசும் ஒரு மத்தியானம் மூடி, பின்புறம் இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒட்டிவிடுங்கள்.

பழைய வீட்டுப் பாடப் பறவைகள்

சில பழைய வீடுகளில் தாத்தா காலத்துப் பாடம் பண்ணிய பறவை தூசியோடு நிற்கும். அதையும் கழுவலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். 18 ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மெட்ஸ் நகரத்து பெக்கூர் என்பவர் ஆர்சனிக் கலந்த சவர்க்காரம் ஒன்றை உருவாக்கினார். பூச்சி கிட்டவே வராததால் அது உலகமெங்கும் பரவி, 20 ஆம் நூற்றாண்டிலும் நெடுநாள் பயன்பட்டது. அப்படிப் பாடம் பண்ணிய பறவையென்றால் நஞ்சு இன்னும் அந்தத் தோலில்தான் இருக்கும். தட்டுவது, ஊதுவது, பிள்ளைகள் கையில் கொடுப்பது எல்லாம் ஆபத்து. கையுறையும் முகக்கவசமும் போட்டு, நகர்த்தாமல், மென்தூரிகையால் தூசியை ஈரத்துணி நோக்கித் தள்ளுங்கள். அதோடு விட்டுவிடுங்கள்.

காவடியில் கட்டிய பழைய மயிலிறகைச் சுத்தம் பண்ணவும் கேட்பார்கள். காவடியில் இருக்கும்போது நனைக்காமல் தூரிகையால் துடைத்தால் போதும். நூலும் பசையும் நனைந்தால்தான் சிக்கல்.

பூச்சிக் காவல்

அந்துப்பூச்சியின் புழுவும், கம்பளத்தைத் தின்னும் சிறு வண்டின் மயிர் முளைத்த புழுவும் கெரட்டினையே செரிக்கும். வெங்காரம் தோலைக் காக்கும், இறகு நுனியைக் காக்காது. வேப்பிலை வைக்கலாம் என்பார்கள். நானும் வைத்தேன். உள்ளே புகுந்துவிட்ட புழுவை அது ஒன்றும் செய்யவில்லை, சரியாகக் காயாத இலை ஈரத்தைத்தான் கொண்டுவந்தது. நெப்தலீன் உருண்டை வேலை செய்யும், ஆனால் பச்சைக்குழந்தை உள்ள வீட்டில் வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி குறைந்த பிள்ளைகளுக்கு அதன் ஆவியே இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். ரெஜிஃபோமில் பட்டால் அதையும் இளக்கிவிடும். எனக்குக் கைகொடுப்பது உறைகுளிர்தான். சந்தேகம் வந்தால் பலகையோடு பொலித்தீனில் சுற்றி இரண்டு கிழமை. பலகை பெரிதென்றால், செம்புக் கம்பியைப் பிரித்துக் கழற்றும்படி முதலிலேயே கட்டி, பசையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் எப்படி வரும்? சிறகுக்கு நேர் கீழே, சுவரோரம் ஒரு வெள்ளைக் கடதாசித் துண்டை வைத்துவிடுங்கள். மாதத்துக்கு ஒரு முறை, வாடைக் காலத்தில் கிழமைக்கு ஒரு முறை பாருங்கள். தூசி சாம்பல் நிறமாகப் பரவிக் கிடக்கும். அதில் மணல் மாதிரி உருண்டையான துகள்களோ, காலியான தவிட்டு நிறத் தோல்கூடுகளோ, கத்தரித்த மாதிரி இழைத் துண்டுகளோ தெரிந்தால் அன்றைக்கே கழற்றி உறைகுளிருக்கு அனுப்புங்கள். பிரிட்ஜில் இடம் கேட்டு அம்மாவிடம் பேசுவது உங்கள் பாடு.